ஃபர்ம் பவருக்குத் தமிழ்: அடிச்சுமையா, உறுதிமின்னா?

புதுவயலிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தொகுக்கும் மின்கொள்கைத் தமிழ்ச் சொற்பட்டியலில் ஒரே ஒரு சொல் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. ஃபர்ம் பவர் (firm power), அதாவது சொன்ன நேரத்தில் வரும் என்று நம்பக்கூடிய மின்சாரம். அணுமின்சாரம் பற்றி எதைப் படித்தாலும் பக்கத்துக்கு இரண்டு இடத்தில் வந்துவிடுகிறது. வெயிலும் காற்றும் தாம் நினைத்தபோதுதான் வரும், நிலக்கரியை நிறுத்த வேண்டுமானால் கூடவே ஃபர்ம் பவர் வேண்டும், புகையில்லாத ஃபர்ம் பவர் என்றால் அணுதான் என்று வாதம் போகிறது. இதுவரை வந்த யோசனைகள்: நிலைமின், திடமின், நிரந்தர மின்சாரம், அடிச்சுமை மின்சாரம். எனக்குக் கடைசிச் சொல் போதும் என்று படுகிறது. பேஸ் லோடுக்கு ஏற்கெனவே புழங்குகிற சொல், புதிதாக எதையும் உருட்ட வேண்டியதில்லை. ஆச்சி, இயற்பியல் நடத்தியவர் நீங்கள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் அச்சுக்கு அனுப்பிவிடலாம்.


காரைக்குடியிலிருந்து

தம்பிக்கு,

> பேஸ் லோடுக்கு ஏற்கெனவே புழங்குகிற சொல்

பேஸ் லோடுக்குத்தானே? ஃபர்ம் பவருக்கு இல்லையே. ஒரு வார்த்தையில் முடிகிற காரியமாக இது எனக்குத் தோன்றவில்லை. இந்தச் சொல்லில் வழுக்கினால், அணுமின் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு நம் பட்டியலே பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும். அது நம் வேலை இல்லை.

எளிதானவற்றை முதலில் கழிப்போம். நிலைமின் என்றால் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்கை இழுக்கிற சமாச்சாரம். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலே நிலைமின்னியலில்தான் தொடங்குகிறது. அந்தப் பிள்ளைகளிடம் போய் அணுவுலை நிலைமின் தருகிறது என்றால் சிரிப்பார்கள். திடமின் என்றதும் திடநிலை மின்கலம் நினைவுக்கு வரும். நம் ஊர் மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி வளாகத்துப் பக்கம் போய்த் திடமின் என்று சொல்லிப் பாருங்கள், பேட்டரி பற்றித்தான் பேச ஆரம்பிப்பார்கள். நிரந்தரம் என்பது உண்மையே இல்லை. கூடங்குளத்து உலைகளை எரிபொருள் மாற்றுவதற்காக நிறுத்தியே ஆக வேண்டும். கல்பாக்கத்துக் கனநீர் உலைகளில் ஓடும்போதே எரிபொருள் மாற்ற முடியும், ஆனாலும் அங்கே முதல் அலகு 2018 முதல் நீண்ட காலம் நின்று கிடந்தது.

இனி அடிச்சுமைக்கு வருகிறேன். சுமை என்பது நாம் இழுப்பது. ஒரு நாளில் நள்ளிரவோ நண்பகலோ, எந்த நேரத்திலும் இதற்குக் கீழே போகாது என்று ஒரு தேவை இருக்கிறதே, அதுதான் அடிச்சுமை. அது மின்சாரம் வாங்குகிறவரின் குணம். அந்தச் சுமையைக் கரியால் நிரப்புவதா, அணுவால் நிரப்புவதா, பகலில் வெயிலாலும் இரவில் அணைநீராலும் நிரப்புவதா என்பது அடுத்த கேள்வி. அணுவுலையில் போட்ட முதல் மிகப் பெரிது, எரிபொருள் செலவு அதோடு பார்த்தால் சிறிது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரே அளவில் ஓயாமல் ஓட்டுவதே சிக்கனம் என்று அதை அடிச்சுமைப் பணியில் வைத்தார்கள். நாளாவட்டத்தில் பணியின் பெயர் நிலையத்தோடு ஒட்டிக்கொண்டது. இப்போது அடிச்சுமை மின்சாரம் என்று நாம் எழுதினால், தேவையில் ஒரு பகுதி பிறக்கும்போதே அணுவுக்கும் கரிக்கும் எழுதி வைக்கப்பட்டது போல மாணவர் படிப்பார். அப்படி எந்தப் பட்டாவும் இல்லை.

ஃபர்ம் என்பது விற்கிறவர் தரும் வாக்கு. இந்தச் சொல் அணுவுலைக்கு மூத்தது. நீர்மின் பொறியாளர்கள், மழை மிகவும் பொய்த்த ஆண்டிலும் ஓர் அணையிலிருந்து எவ்வளவு மின்சாரம் கட்டாயம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு அதை ஃபர்ம் பவர் என்றார்கள். அதற்கு மேல் நல்ல மழையில் கிடைப்பது உபரி. ஆக, எந்த இயந்திரம் என்பதை இந்தச் சொல் கேட்கவே இல்லை. கேட்பதெல்லாம், சொன்ன நேரத்தில் சொன்ன அளவு வருமா என்பதைத்தான்.

சிவகங்கைச் சீமைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நம்முடையது வானம் பார்த்த பூமி. சூரியப் பலகையும் காற்றாலையும் மானாவாரி வெள்ளாமை போல. கமுதியில் 648 மெகாவாட் சூரியப் பூங்கா 2016 முதல் இருக்கிறது. கார்த்திகை மூட்டத்தில் அங்கே போய் எனக்கு இவ்வளவு வேண்டும் என்று கேட்க முடியாது. ஆடிக் காற்றில் முப்பந்தல் பக்கம் வேண்டாம் வேண்டாம் என்னும் அளவுக்குக் காற்றாலை மின்சாரம் வரும், ஐப்பசியில் தேட வேண்டும். மானாவாரியைக் கேவலமாகச் சொல்லவில்லை. இந்தச் சீமை அதில்தான் தின்று வளர்ந்தது. மானாவாரி மின்சாரம் என்றே பட்டியலில் போடலாமா என்று கைகூடத் துறுதுறுத்தது. சென்னைப் பிள்ளைகளுக்குப் புரியாது என்பதால் வானிலைசார் மின் என்று அடக்கமாக வைத்துக்கொள்வோம். மாறுமின் வேண்டாம், மாறுதிசை மின்னோட்டத்தோடு குழம்பும்.

2018இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் ஜூல் ஆய்விதழில் ஒரு பகுப்பைக் கொடுத்தார்கள். கரிமம் இல்லாத மின்வளங்களை மூன்றாகப் பிரித்தார்கள். காற்றும் சூரியனும் எரிபொருளை மிச்சப்படுத்துபவை. பேட்டரியும், தேவையைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடும் சட்டென்று கொஞ்ச நேரம் கைகொடுப்பவை. அணு, புவிவெப்பம், புகையிலிருந்து கரிமத்தைப் பிடித்து வைக்கும் எரிவாயு நிலையம் போன்றவை ஃபர்ம். மூன்றாம் வகை கொஞ்சமேனும் கையில் இருந்தால், கரிமத்தைக் கிட்டத்தட்டப் பூச்சியத்துக்குக் கொண்டுபோகும்போது மொத்தச் செலவு குறைகிறது என்பது அவர்கள் கண்டது. அணுமின்னை ஆதரிப்பவர்களுக்கு இது நல்ல ஆயுதம், நியாயமான ஆயுதமும்கூட. ஆனால் அந்த வகையில் அணு ஒரு உறுப்பினர், வகையே அணு இல்லை.

இந்தியாவில் கதை இன்னும் சுவாரசியம். 2023 ஜூனில் மத்திய மின் அமைச்சகம் ஒரு கொள்முதல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஃபர்ம் அண்ட் டிஸ்பாட்சபிள் (உறுதியானது, கேட்டால் கூட்டிக் குறைக்கத்தக்கது) என்ற இரண்டு அடைமொழியும் அதில் யாருக்குக் கிடைத்தன தெரியுமா? சேமிப்போடு சேர்த்துத் தரப்படும் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு. சூரியன், காற்று, பேட்டரி, நீரேற்று நிலையம் எல்லாவற்றையும் கலந்து, கேட்கும் நேரத்தில் கேட்கும் அளவைத் தர முடிந்தால் அதுவும் ஃபர்ம். அடிச்சுமை மின்சாரம் என்று நாம் எழுதிவிட்டால் இந்த ஆவணத்தை எப்படி மொழிபெயர்ப்பது? கமுதிக்காரர் பேட்டரி வைத்து இரவு ஏழு மணிக்கு விற்பதை அடிச்சுமை என்றால் பொருந்துமா?

நான் முன்வைப்பது உறுதிமின். உறுதிக்குத் திண்மை என்றும் வாக்கு என்றும் இரண்டு பொருள் இருக்கிறது, நமக்கு வேண்டியது இரண்டாவது. ஊரக வேலை உறுதித் திட்டம் என்ற பெயரால் அந்தப் பொருள் ஏற்கெனவே ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. விளக்கம் தர வேண்டியதில்லை.

டிஸ்பாட்சபிள் என்பதையும் இப்போதே முடித்துவிடுவோம். யாரோ ஏவல்மின் என்று எழுதியிருந்தீர்கள். இலக்கணப்படி அழகுதான். ஆனால் எங்கள் தெருவில் ஏவல் என்றால் பில்லி, சூனியத்துக்கு அடுத்து வருவது. அழைமின் என்று வைக்கலாம்: அழைத்தால் வருவது, போ என்றால் போவது. அணுமின் உறுதிமின்தான், நம் நாட்டில் அழைமின் இல்லை. பிரான்சில் உலைகளைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டிப் பழகியிருக்கிறார்கள், நாம் ஒரே சீராக ஓட்டுகிறோம். இந்த வேறுபாட்டைக் காட்டவாவது இரண்டு சொல் வேண்டும்.


தேவகோட்டையிலிருந்து

ஆச்சி சொன்ன அடிச்சுமை விளக்கத்துக்கு நூற்றுக்கு நூறு. மின்வாரியத்தில் இருந்த காலத்தில் நாங்களே பேஸ் லோடு ஸ்டேஷன் என்று சொல்லிச் சொல்லி, சுமையையும் நிலையத்தையும் ஒன்றாக்கிவிட்டோம்.

உறுதிமின்தான் எனக்கு இடிக்கிறது. கூடங்குளத்தில் ஓர் அலகு 1000 மெகாவாட். அது ட்ரிப் ஆனால், அதாவது கோளாறில் திடீரென்று நின்றால், சொட்டுச் சொட்டாகக் குறையாது. ஆயிரமும் ஒரே நொடியில் போய்விடும். மின்தொகுப்பின் அலைவெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து சரிய ஆரம்பிக்கும், கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களுக்கு வியர்க்கும். காற்றாலை அப்படி விழாது. ஒன்று நின்றால் இன்னொன்று சுற்றும், மெல்லத்தான் இறங்கும், முன்கூட்டியே கணிக்கவும் முடியும். அதற்கு வானிலைசார் என்று பெயர், இதற்கு உறுதி என்று பெயரா? பிரான்சைச் சொன்னீர்கள். 2022இல் அங்கே உலைக் குழாய்களில் அரிப்பு கண்டு வரிசையாக நிறுத்தினார்கள், வெயிலில் ஆற்று நீரும் சூடேறிவிட்டது. அந்த ஆண்டு அணு உற்பத்தி சுமார் 279 டெராவாட் மணிக்கு இறங்கியது, முப்பது ஆண்டுகளில் இல்லாத அளவு. காலங்காலமாக மின்சாரம் விற்ற நாடு அந்த ஆண்டு நிகரமாக வாங்கியது.

இன்னொன்று. கூடங்குளம் ஒப்பந்தம் 1988இல் போட்டது. முதல் அலகு மின்தொகுப்பில் இணைந்தது 2013 அக்டோபரில். கல்பாக்கத்து அதிவேக ஈனுலையின் கட்டுமானம் 2004இல் தொடங்கியது, உலையகத்தை நிரப்பும் பணி தொடங்கியது 2024 மார்ச்சில். ஓட ஆரம்பித்த பிறகு உறுதி, சரி. எப்போது ஓட ஆரம்பிக்கும் என்பதற்கு யார் உறுதி? 2025 பட்ஜெட்டில் 2047க்குள் 100 ஜிகாவாட் அணுமின் என்றார்கள், சிறு உலைகளுக்கு 20,000 கோடி ஒதுக்கி, குறைந்தது ஐந்தை 2033க்குள் ஓட்டுவோம் என்றார்கள். அந்த ஆண்டில் நம் கையில் இருந்தது சுமார் 8.8 ஜிகாவாட். கணக்கைப் பிள்ளைகளே போட்டுக்கொள்ளட்டும்.

அப்புறம் ஆச்சி, வேலை உறுதித் திட்டத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கூலி எப்போது வரும் என்று எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் கேட்டுப் பார்த்துவிட்டு அந்தச் சாட்சியை ஏற்றலாம்.


கானாடுகாத்தானிலிருந்து

நடுவில் ஒரு சந்தேகம். இதே பட்டியலில் க்ளீன் எனர்ஜிக்குத் தூய ஆற்றல் என்று போட்டிருக்கிறது, அதில் அணுவும் அடக்கம் என்று அடிக்குறிப்பு. கழிவை என்ன செய்வது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போது தூய என்று எழுதலாமா? இடிந்தகரையில் 2011, 2012இல் கூடங்குளம் உலைக்கு எதிராகப் போராடிய மக்கள் கையில் இந்தப் பட்டியல் போனால் என்ன நினைப்பார்கள்?


காரைக்குடியிலிருந்து

இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

கானாடுகாத்தான் கேள்விக்கு முதலில். தூய என்பது நற்சான்று மாதிரி ஒலிக்கிறது, அதில் எனக்கும் சங்கடம் உண்டு. கொள்கை ஆவணங்கள் க்ளீன் என்று சொல்லும்போது பெரும்பாலும் அளப்பது ஒன்றைத்தான், ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கரியமில வாயு என்பதை. பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவான ஐபிசிசியின் 2014 அறிக்கையில் சுரங்கம் முதல் இடிப்பு வரை சேர்த்துப் போட்ட இடைநிலை மதிப்பு அணுவுக்கு 12 கிராம், தரையில் நிற்கும் காற்றாலைக்கு 11, பெரிய சூரிய நிலையத்துக்கு 48, நிலக்கரிக்கு 820. இந்த அளவுகோலில் அணு எங்கே நிற்கிறது என்பதில் சண்டைக்கு இடமில்லை. கழிவும், விபத்து அச்சமும், மீனவர் கடலும் இந்த அளவுகோலில் விழவே விழாது, அவற்றை வேறு தராசில் நிறுக்க வேண்டும். ஆகவே எது அளக்கப்படுகிறதோ அதையே பெயராக்குவோம்: கரிமம் குறைந்த ஆற்றல். தூய ஆற்றல் என்பதை மூல ஆவணம் அப்படிச் சொல்லும் இடத்தில் மட்டும் மேற்கோளாக வைப்போம்.

இந்தச் சொற்களுக்குப் பின்னால் பணம் இருக்கிறது, அதையும் குறிப்பில் சேருங்கள். 2019 மார்ச்சில் பெரிய அணைமின் நிலையங்களும் புதுப்பிக்கத்தக்கவை என்று மத்திய அரசு அறிவித்தது. அதற்கு முந்தைய நாள் வரை சிறிய நிலையம் மட்டும்தான் அந்தப் பந்தியில் உட்காரலாம். தண்ணீர் மாறவில்லை, இலை மட்டும் போடப்பட்டது. அணுவுக்கு அந்தப் பந்தியில் இடமில்லை. ஆனால் 2030க்குள் 500 ஜிகாவாட் என்ற இலக்கு புதைபடிவம் சாராத என்ற சொல்லில் எழுதப்பட்டதால் அங்கே அணுவுக்கு இடமுண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஜனவரி முதல் தன் நிலைத்த முதலீட்டுப் பட்டியலில் நிபந்தனைகளோடு அணுவைச் சேர்த்தது, அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று ஜெர்மனி தன் கடைசி மூன்று உலைகளை மூடியது. பட்டியலில் பெயர் ஏறினால் கடன் வட்டி குறையும், இறங்கினால் ஏறும். இதை நம் சீமையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி தேவகோட்டை அண்ணனுக்கு.

> ஓட ஆரம்பித்த பிறகு உறுதி, சரி. எப்போது ஓட ஆரம்பிக்கும் என்பதற்கு யார் உறுதி?

அண்ணே, இது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை. ஆனால் சொல்லின் மேல் வைக்கிற குற்றமாக எனக்குப் படவில்லை. வாக்கு என்றால் தவறவும் கூடும் என்பது அதிலேயே அடக்கம். தவறினால் கேட்கலாம் என்பதற்காகத்தான் வாக்கு வாங்குகிறோம். நிரந்தரம் என்று எழுதியிருந்தால் பிரான்சின் 2022ஐ அந்தச் சொல்லால் விளக்கவே முடியாது. உறுதிமின் என்று எழுதினால், உறுதி தவறியது என்று எழுதலாம். கூடங்குளம் ட்ரிப் ஆனாலும் அப்படியே. உறுதி என்ற சொல் அணுமின்னைப் புகழவில்லை, அதன் கழுத்தில் ஒரு கடமையைக் கட்டுகிறது. கண்மாய்க்கரையில் கூலி வராதவர் உறுதி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதானே அதிகாரியிடம் சண்டை போடுகிறார்?

ஆனால் நீங்கள் சொன்ன 1000 மெகாவாட் விவகாரம் நம் பட்டியலில் ஒரு ஓட்டையைக் காட்டுகிறது. எவ்வளவு உறுதி என்று அளக்க ஒரு சொல் வேண்டும். முழு வேகத்தில் ஓடினால் எவ்வளவு என்பதற்கு நிறுவுதிறன் இருக்கிறது. அதில் எத்தனை விழுக்காடு உண்மையில் உற்பத்தியாகிறது என்பதற்கு, வாரியத்தில் நீங்கள் பிஎல்எஃப் என்று சொல்வதற்கு, பயன்பாட்டு விகிதம் இருக்கிறது. மூன்றாவதாக, உச்சத்தேவை நேரத்தில் இந்த நிலையத்தை நம்பி எத்தனை மெகாவாட்டைக் கணக்கில் வைக்கலாம் என்பதற்கு உறுதித்திறன் என்று சேர்ப்போம். சூரியப் பலகைக்கு இது நாளின் நேரத்தைப் பொறுத்தது. பிற்பகல் உச்சத்துக்கு ஓரளவு உண்டு, இரவு எட்டு மணி உச்சத்துக்குப் பேட்டரி இல்லாமல் பூச்சியம். 2024 மே 2 அன்று, கத்திரி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போதே, தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த மாதிரி நாளில் யார் யார் எவ்வளவு தோள் கொடுப்பார்கள் என்பதை நிறுவுதிறன் சொல்லாது.

சொல்லாததோடு ஏமாற்றவும் செய்யும். 2025 ஜூலையில் நாட்டின் நிறுவுதிறனில் பாதி புதைபடிவம் சாராதது ஆகிவிட்டது என்று அறிவித்தார்கள். உண்மைதான், பெருமைப்பட வேண்டியதும்தான். ஆனால் உற்பத்தியாகிற யூனிட்டுகளில் இன்னமும் முக்கால் பங்கை ஒட்டி அனல் நிலையங்கள்தான் தருகின்றன. சூரியப் பலகையின் பயன்பாட்டு விகிதம் 20 விழுக்காட்டை ஒட்டியது, நம் அணு நிலையங்களுக்கு 80ஐ ஒட்டியது. அதனால்தான் நிறுவுதிறனில் சுமார் 2 விழுக்காடே உள்ள அணு, உற்பத்தியில் சுமார் 3 விழுக்காடு தருகிறது. இந்த 3ஐ வைத்துக்கொண்டு அணுதான் காப்பாற்றும் என்று பேசுவதும் மிகை, 3தானே என்று தள்ளுவதும் அவசரம். பேட்டரி விலை இறங்குகிற வேகத்தைப் பார்த்தால் இரவு நாலைந்து மணி நேரத்துக்கான உறுதி அங்கிருந்து வந்துவிடும் என்றே நினைக்கிறேன். நான்கு நாள் மூட்டம் போட்டுக் காற்றும் படுத்துவிட்டால் பேட்டரி மட்டும் போதாது. அணுவுக்கான நியாயமான இடம் அங்கேதான் இருக்கிறது. அந்த இடத்துக்கு என்ன விலை கொடுக்கலாம் என்பதுதான் கொள்கை விவாதம். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் வோக்ட்ல் நிலையத்தின் இரண்டு புதிய அலகுகளுக்கு 1400 கோடி டாலர் என்று தொடங்கி 3000 கோடிக்கு மேல் போனதையும் அந்தப் பக்கத்தில் போடுங்கள்.

தம்பி, பதிவுகளை இப்படி வைக்கலாம். அண்ணனுக்கு மறுப்பு இருந்தால் திருத்தட்டும்.

உறுதிமின்: குறித்த காலத்துக்கு, குறித்த அளவில், வானிலை எப்படி இருந்தாலும் தருவதாக விற்பவர் பொறுப்பேற்கும் மின்சாரம். அணு, அனல், அணைநீர், சேமிப்போடு இணைந்த சூரியன், காற்று ஆகியவற்றில் எதிலிருந்தும் வரலாம்.

அழைமின்: தொகுப்பை இயக்குபவர் கேட்கும்போது கூட்டவும் குறைக்கவும் முடிகிற மின்சாரம்.

உறுதித்திறன்: உச்சத்தேவை நேரத்தில் ஒரு நிலையத்தை நம்பிக் கணக்கில் வைக்கக்கூடிய மெகாவாட்.

அடிச்சுமை: ஒரு காலப்பகுதி முழுவதும் குறையாமல் இருக்கும் தேவை. மின்நிலையத்துக்கு அடைமொழியாக ஆளக் கூடாது.

கடைசி வரியை நீக்கச் சொல்லி யாராவது எழுதுவீர்கள் என்று தெரியும். நான் விடுவதாக இல்லை.


தேவகோட்டையிலிருந்து

மறுப்பில்லை. உறுதித்திறன் சேர்ந்த பிறகு உறுதிமின் எனக்கும் சம்மதம். அணு, அனல் என்று தொடங்கும் வரிசையில் அணைநீரை முன்னால் கொண்டுவாருங்கள். பைக்காரா நீர்மின் நிலையம் 1932இலேயே வந்துவிட்டது, மூத்தவருக்கு முதலிடம் கொடுப்போம்.


புதுவயலிலிருந்து

மாற்றிவிட்டேன் அண்ணே. ஆச்சி, கடைசி வரி அப்படியே இருக்கிறது.

அடுத்த சொல்: ஆடிக் காற்றில் உற்பத்தி மிஞ்சும்போது காற்றாலைகளைக் குறைக்கச் சொல்கிறார்களே, கர்ட்டெய்ல்மென்ட். இப்போது பட்டியலில் வெட்டு என்று மட்டும் இருக்கிறது, மின்வெட்டோடு குழம்பும். வாரியத்தில் பேக் டவுன் என்பீர்கள் என்று கேள்விப்பட்டேன். லைன்மேன்கள் தமிழில் பேசும்போது அதற்கு என்ன சொல்வார்கள் என்று அண்ணன் எழுதினால், வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடலாம்.